ராஸ்வெல்லில் ராணுவம் மறைத்தது எதை? நம்ம மலையில் ஏதாவது விழுந்தால்?

மலைரயில் | ஜூலை 8, காலை 9.40

1947-ல் இதே ஜூலை 8-ம் தேதி, நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் விமானத் தளமே "பறக்கும் தட்டு எங்கள் கையில்" என்று பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தது. ராத்திரிக்குள் "வானிலை பலூன்" என்று மாற்றிப் பேசினார்கள். அங்கே இருந்தது 509-வது குண்டுவீச்சுப் பிரிவு. அன்றைக்கு உலகத்திலேயே அணுகுண்டு வீசப் பயிற்சி பெற்ற ஒரே படை. அவர்களுக்குப் பலூன் எது, தட்டு எது என்று தெரியாதா? மூடி மறைத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நம்ம நீலகிரியில் வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம் ஒன்று விழுந்தாலும் இதேதான் நடக்கும். மறுக்கிறவர்கள் வரலாம்.

வர்க்கி_டீ | ஜூலை 8, 9.52

தட்டு சரி, அதில் ஊட்டி வர்க்கி இருந்ததா?

சீகைமரம் | ஜூலை 8, 10.30

மறைத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எதை மறைத்தார்கள் என்பதில்தான் வழக்கு.

கதையை விட்டுவிட்டுப் பொருள் பட்டியலைப் பாருங்கள். பண்ணை மேற்பார்வையாளர் மாக் பிரேசல் ஜூலை 9 பத்திரிகைக்குச் சொன்னது இது. பார்த்த நாள் ஜூன் 14. சிதறிக் கிடந்த இடம் சுமார் 200 கஜ அகலம். ரப்பர் கீற்றுகள், ஈயத்தாள், தடித்த காகிதம், குச்சிகள். ஈயத்தாள், காகிதம், டேப், குச்சி எல்லாம் சேர்த்துக் கட்டினால் 3 அடி நீளம், 7, 8 அங்குலத் தடிமன். ரப்பர் தனிக்கட்டு, 18 முதல் 20 அங்குலம். மொத்த எடை 5 பவுண்டு இருக்கும் என்றார், அதாவது இரண்டே கால் கிலோ. எஞ்சினுக்கு ஆகிற உலோகம் எதுவும் இல்லை. சில டேப்பில் பூப் படம் அச்சடித்திருந்தது.

இரண்டே கால் கிலோவில் விண்கலம்! நம்ம எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற கூடை இதைவிடக் கனம்.

மலைரயில் | ஜூலை 8, 10.41

அதே பேட்டியில் பிரேசல், தான் பார்த்தது வானிலை பலூன் இல்லை என்றும் அடித்துச் சொன்னாரே. அதற்கு முன்னால் இரண்டு வானிலை பலூன்களைப் பண்ணையில் எடுத்த மனுஷன். அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

சீகைமரம் | ஜூலை 8, 11.20

சொன்னார். அவர் சொன்னது சரிதான். அது சாதாரண வானிலை பலூன் இல்லை.

அது மோகுல் என்ற அமெரிக்க ரகசியத் திட்டத்தின் பலூன். சோவியத் அணுகுண்டு வெடித்தால் அந்தச் சத்தத்தை வெகுதூரத்திலிருந்தே கேட்பதற்கு. கடலுக்குள் ஓர் ஆழத்தில் ஒலி சிதறாமல் ஆயிரக்கணக்கான மைல் போகும் என்று விஞ்ஞானி மோரிஸ் ஈவிங் கண்டுபிடித்திருந்தார். வளிமண்டலத்திலும் மேலே அப்படி ஓர் அடுக்கு உண்டு என்பது அவர் கணிப்பு. அந்த உயரத்தில் மைக்கை மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும். ஒற்றைப் பலூன் ஏறிக்கொண்டே போய் வெடித்துவிடும். அதனால் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு, ஒவ்வொன்றும் 350 கிராம் எடையுள்ள நியோப்ரீன் பலூன்கள் இரண்டு டஜன்வரை ஒரே கயிற்றில் கோத்து ஏற்றிப் பார்த்தது. நீளம் 600 அடிக்கு மேல். கூடவே கடற்படையின் சோனோபாய் மைக், உயரம் கூடாமல் இருக்கச் சிறு கருவிகள், ரேடார் கண்ணில் படுவதற்கு எம்.எல்-307 வகை பிரதிபலிப்பான்கள். பால்சா குச்சிச் சட்டம், அதில் ஈயத்தாள் ஒட்டிய காகிதம், மூலையில் டேப். அந்தப் பிரதிபலிப்பான்களைச் செய்து கொடுத்தது ஒரு பொம்மைக் கம்பெனி. கையில் இருந்த பூப்போட்ட டேப்பை ஒட்டிவிட்டார்கள். பிற்பாடு "வேற்றுலக எழுத்து" ஆனது அதுதான்.

ரப்பரையும் பாருங்கள். நியோப்ரீன் வெயிலில் கிடந்தால் சில நாளில் பழுப்பாகிக் கருத்துவிடும், சில வாரத்தில் சாம்பல்போல உதிரும். பிரேசல் முன்பு எடுத்த பலூன்கள் ஒற்றைப் பலூன்கள். இது இரண்டு டஜன் பலூன், கிழிந்த பிரதிபலிப்பான்கள், வெயிலில் பத்து நாள். அடையாளம் தெரியாமல் போனதில் அதிசயம் இல்லை.

முத்தோரை | ஜூலை 8, பகல் 1.05

சீகைமரம் அண்ணன் விட்ட ஒன்று. ரகசியம் எங்கே இருந்தது என்பது முக்கியம். பலூன், பிரதிபலிப்பான், சோனோபாய், எதுவும் ரகசியம் இல்லை. எதற்காக ஏற்றினார்கள் என்பது மட்டும் பரம ரகசியம். பலூன் ஏற்றிய சார்லஸ் மூருக்கே "மோகுல்" என்ற பெயர் 1990-களில்தான் தெரியவந்தது. அப்படியிருக்க ராஸ்வெல் தளத்தில் உளவுப் பொறுப்பில் இருந்த மேஜர் ஜெஸ்ஸி மார்செலுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஃபோர்ட் வொர்த்தில் ஜெனரல் ராமியின் அறையில் குப்பையைப் பார்த்த வானிலை அதிகாரி இர்விங் நியூட்டன், தனக்குப் பழக்கமான ரேடார் பிரதிபலிப்பான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

509-வது பிரிவுக்கு வித்தியாசம் தெரியாதா என்ற கேள்விக்கும் இதுவே பதில். குண்டு வீசத் தெரிந்தவனுக்குப் பக்கத்து ஊரில் எவனோ ஏற்றிய பலூன்மாலை தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஜூன் 24, ரெய்னியர் மலைப் பக்கம் கென்னத் ஆர்னால்ட் ஒன்பது பொருள் பறந்ததாகச் சொல்லி நாடே தட்டு தட்டு என்று பேசிக்கொண்டிருந்தது. "தட்டு" என்ற வார்த்தை தயாராக இருந்தது, வாய்க்கு வந்தது.

மலைரயில் | ஜூலை 8, 1.30

அப்போ 1994 வரைக்கும் விமானப்படை மோகுல் என்று ஏன் வாயைத் திறக்கவில்லை?

முத்தோரை | ஜூலை 8, 1.44

யாரும் கேட்கவில்லை. மார்செல் 1978-ல் பேட்டி கொடுக்கும்வரை ராஸ்வெல்லை எல்லோரும் மறந்திருந்தார்கள், 31 வருஷம். மோகுலுக்கும் வேலை போய்விட்டது. 1949 ஆகஸ்ட் 29-ல் சோவியத் வெடித்த முதல் குண்டைக் காட்டிக்கொடுத்தது விமானத்தில் வைத்த வடிகட்டித் தாளில் ஒட்டிய கதிரியக்கத் தூசி. மைக் இல்லை.

கூக்கல்தொறை | ஜூலை 8, மாலை 6.10

மோகுல்காரர்கள் ரொம்பக் குதிக்க வேண்டாம். ராஸ்வெல்லுக்குப் பொருத்துவது ஜூன் 4-ல் ஏற்றிய 4-வது பலூன்மாலை. அந்தப் பயணத்துக்குப் பதிவு கிடையாது. கள இயக்குநர் ஆல்பர்ட் க்ரேரியின் நாட்குறிப்பில் அன்றைக்கு, மேகத்தால் பலூன் ஏற்றவில்லை என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே சோனோபாயைப் பலூன் கொத்தில் கட்டி அனுப்பினோம் என்கிறார். முழு அமைப்பு போனதா, மைக்கும் சில பலூனும் மட்டும் போனதா என்பதில் இன்றைக்கும் அடிதடி. பிரதிபலிப்பான் அதில் இருந்தது என்பதற்கு மூரின் நினைவுதான் சாட்சி.

அப்புறம் 1997-ல் விமானப்படை கொடுத்த இரண்டாவது அறிக்கை. வேற்றுக்கிரகப் பிணங்கள் என்று ஜனங்கள் சொன்னது, பாராசூட் சோதனைக்குப் போட்ட பொம்மைகளாம். அந்தப் பொம்மைகள் விழுந்தது 1950-களில். 1947-ஐ ஜனங்கள் குழப்பிக்கொண்டார்கள் என்றால், விளக்கம் கேள்வியைவிட பலவீனம்.

சீகைமரம் | ஜூலை 8, 8.25

ஒத்துக்கொள்கிறேன். காலையில் "பத்து நாள் வெயில்" என்று எழுதியதும் ஜூன் 4 என்பதை உறுதியென்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. எந்தப் பலூன்மாலை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குச்சி, ஈயத்தாள், பூ டேப், ரப்பர் என்ற பட்டியல் அந்த வகைச் சாமானைத்தான் காட்டுகிறது. தேதி ஆடும், பட்டியல் ஆடாது. பொம்மை விளக்கத்துக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

வர்க்கி_டீ | ஜூலை 9, காலை 7.15

வேற்றுக்கிரக விஷயத்துக்கென்று அமைத்ததாகச் சொல்லும் ரகசியக் குழு எம்.ஜே-12, அதன் ஆவணங்களை யாரும் சொல்லவே இல்லையே, ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்தோடு?

கூக்கல்தொறை | ஜூலை 9, 7.32

அந்தக் கையெழுத்து 1947 அக்டோபர் 1-ல் விஞ்ஞானி வனேவர் புஷ்ஷுக்கு ட்ரூமன் எழுதின வேறொரு கடிதத்தில் இருப்பதோடு அச்சாகப் பொருந்துகிறது. எந்த மனுஷனும் இரண்டு தடவை அச்சாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. நகல் எடுத்து ஒட்டிய வேலை. எஃப்.பி.ஐ.யும் போலி என்று எழுதிவிட்டது. வேற்றுக்கிரகவாசியின் பிரேதப் பரிசோதனை என்று வந்த படத்தையும் யாராவது இழுக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: 1995-ல் வந்தது, 2006-ல் வெளியிட்டவரே "மறு உருவாக்கம்" என்றார். தீர்ந்தது.

மலைரயில் | ஜூலை 9, 8.10

சரி, அமெரிக்காவை விடுங்கள். நாளைக்கே கோத்தகிரியில் சில்வர் ஓக் மரத்தில் வெள்ளைப் பெட்டியும் கிழிந்த ரப்பரும் தொங்கினால்? சென்னையிலிருந்து தினமும் பலூன் விடுகிறார்கள். இந்த சீசனில் மேலே கிழக்குக் காற்று. அடித்துக்கொண்டு வந்து இங்கே விழுமா?

முத்தோரை | ஜூலை 9, 10.50

விழாது. கணக்குப் போடுவோம். மீனம்பாக்கம் டு ஊட்டி நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். பலூன் ஏறும் வேகம் நொடிக்கு 5 மீட்டர். 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கிறது என்றால் 6000 நொடி, 100 நிமிஷம். தென்மேற்குப் பருவக் காலத்தில் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கத்திய ஜெட் காற்று, நொடிக்கு 35 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து உச்சிவரை அதே வேகத்தில் வீசினாலும் 210 கிலோமீட்டர்தான். இன்னும் பாதி தூரம் மிச்சம் இருக்கிறது.

முத்தோரை | ஜூலை 9, 11.35

மேலே போட்டது தோராயக் கணக்கு. சரியாகப் போட்டால் இன்னும் குறையும். கீழ் 6 கிலோமீட்டரில் காற்று மேற்கிலிருந்து. 1200 நொடி, 10 மீட்டர் வேகம், 12 கிலோமீட்டர் கடல் பக்கம் போகும். 7-க்கு மேல் கிழக்குக் காற்று, சராசரி 20 மீட்டர், 4600 நொடி, 92 கிலோமீட்டர் மேற்கே. இறக்கம் பாராசூட்டில்: மேலே காற்று அடர்த்தி இல்லாததால் சட்டென்று விழும், கீழே வரவர மெதுவாகும். மொத்தம் 40 நிமிஷம். அதில் மேற்கே 30, கடைசிக் கட்டத்தில் கிழக்கே 9. கூட்டிக் கழித்தால் 100 கிலோமீட்டர். ஆற்காடு, ராணிப்பேட்டை வயல்.

ஒரு விதிவிலக்கு. பலூனில் ஊசித்துளை இருந்து, ஏற்றமும் கசிவும் சமமாகிவிட்டால் வெடிக்காமல் மிதக்கும். அது எங்கே போகும் என்று வருணனுக்கே வெளிச்சம்.

ரேடியோசோண்ட், அதாவது வானிலை பலூனில் கட்டி அனுப்பும் கருவி என்றால் பார்த்ததும் தெரியும். கிழிந்த ரப்பர், சின்ன பாராசூட், நீள நூல், தெர்மாக்கோல் அல்லது பிளாஸ்டிக் பெட்டி, வெளியே நீட்டிய மெல்லிய தகடு. அதுதான் வெப்பமும் ஈரமும் அளப்பது. சில வகைகளில் உள்ளே இரண்டு ஏ.ஏ. லித்தியம் பேட்டரி. 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸில் பேசும். மலிவு எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் ரேடியோ கேட்க உதவும் சிறு கருவி) செருகின லேப்டாப்பில் கேட்கலாம். பள்ளத்தாக்குக்குள் விழுந்துவிட்டால் கிடையாது. சிக்னலுக்கு நேர்ப்பார்வை வேண்டும், நடுவில் ஒரு மேடு வந்தால் முடிந்தது.

சீகைமரம் | ஜூலை 9, பகல் 2.20

படம் எடுப்பதில்தான் முக்கால்வாசி சாட்சி பாழாகிறது. நாலு படம் போதும். தூரத்திலிருந்து மரமும் மேடும் தெரிகிற மாதிரி ஒன்று. பத்தடியில் ஒன்று. பக்கத்தில் அளவுக்குப் பத்து ரூபாய் நாணயம் வைத்து ஒன்று (விட்டம் 27 மில்லிமீட்டர், பிற்பாடு யாரும் அளந்துகொள்ளலாம்). ஒட்டியிருக்கிற சீட்டு, எண் தெரிகிற மாதிரி ஒன்று. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். மூலப் படம் போனிலேயே இருக்கட்டும், கிராப் பண்ண வேண்டாம்.

ரப்பரை எடுத்தே ஆகவேண்டும் என்றால் வெளிச்சம் படாத கறுப்புக் கவர். காகிதமும் குச்சியும் காகிதக் கவரில். நம்ம ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தால் நாலாம் நாள் பூஞ்சணம், அப்புறம் எந்த எழுத்தும் எந்த உலகத்து எழுத்தாகவும் தெரியும்.

சோலைக்காட்டுக்குள் விழுந்தால் எடுக்கப் போகாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்கு. காட்டெருமை வழக்கெல்லாம் போடாது.

கூக்கல்தொறை | ஜூலை 9, 3.05

உலோகமாக இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. கிட்டவே போகக்கூடாது.

2022 ஏப்ரல் 2 சாயந்திரம் மகாராஷ்டிரத்தில் வானத்தில் தீக்கோடு. சந்திரபூர் மாவட்டத்தில் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையமும் உருண்டைகளும் விழுந்தன. ஒரு ராக்கெட்டின் மேல் அடுக்கு என்று கணித்தார்கள். அந்த உருண்டைகள் உயரழுத்தக் கலன்கள். அழுத்த வாயு மட்டும் இருந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எரிபொருள் கலனில் ஹைட்ரசின் என்ற நச்சு எரிபொருள் மிச்சம் இருந்தால் தோல் வழியாகவே உள்ளே போகும். அமோனியா மாதிரியோ மீன் கவிச்சி மாதிரியோ வாடை வந்தால் ஏற்கனவே ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகுங்கள். மாட்டையும் அவிழ்த்து விலக்குங்கள். அப்புறம் 112.

1978 ஜனவரி 24-ல் கனடாவில் விழுந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954-ல் அணு உலையே இருந்தது. அமெரிக்க, கனடியப் படைகள் பனியில் மாசக்கணக்கில் தேடின. அதுவும் ராணுவம்தான், அதுவும் வளைத்துக் கட்டித்தான். கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, சோவியத் 1981-ல் 30 லட்சம் கொடுத்தது. விண்ணிலிருந்து விழுந்ததற்கு பில் போட்ட தேசம்.

மலைரயில் | ஜூலை 9, இரவு 9.15

வளைத்துக் கட்டுவது பற்றிச் சொன்னீர்களே, அங்கேதான் வருகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை என்றால் ஏன் வளைக்க வேண்டும்?

சீகைமரம் | ஜூலை 9, 10.05

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் விழுந்தது, காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில். ஜெனரல் பிபின் ராவத்தோடு 14 பேர். அன்றைக்கு 13 பேர் இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15-ல். முதலில் ஓடிப்போய் கம்பளியும் தண்ணீரும் கொடுத்தது அந்த ஊர் ஜனம். அதற்கப்புறம்தான் வளைப்பு. ஏன்? சிதறிய ஒவ்வொரு துண்டும் கிடந்த இடம், திரும்பியிருந்த திசை, இரண்டு துண்டுக்கு நடுவில் எத்தனை மீட்டர், இதெல்லாம் விசாரணைக்கு வேண்டும். பறப்புப் பதிவுப் பெட்டி மறுநாள் கிடைத்தது. ஞாபகத்துக்கு என்று யாராவது ஒரு துண்டை எடுத்துப் போயிருந்தால் அந்த வரைபடத்தில் ஓட்டை விழும். ராஸ்வெல்லில் செய்யாதது இதுதான். பிரேசலும் வீட்டு ஆட்களும் வாரிக் கட்டிவிட்டார்கள், மார்செல் காரில் போட்டுக்கொண்டு போனார். எது எங்கே கிடந்தது என்ற வரைபடமே இல்லை. எழுபது வருஷத்துக்கும் மேலாகச் சண்டை நடக்க அதுவே போதும்.

2022 ஜனவரியில் விமானப்படை சொன்னது: எந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் எதுவும் இல்லை. வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் திசைப் புலன் தப்பியது. ஐந்து வாரம். அதற்குள் வாட்ஸாப்பில் எத்தனை கதை என்று எண்ணிப் பாருங்கள்.

கூக்கல்தொறை | ஜூலை 10, காலை 6.50

அதோடு நிறுத்தினால் அரைகுறை. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் காரணம் விமானக் குழுவின் மனிதப் பிழை என்று பட்டியலில் வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை, ஆனால் வார்த்தை வேறு. முதல் அறிக்கையையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் விட்ட அறிக்கை என்றாலும்.

சீகைமரம் | ஜூலை 10, 7.20

நியாயம். இதற்கு நம்ம மாநிலத்து உதாரணம் 2016 பிப்ரவரி 6, நாட்றம்பள்ளி. கல்லூரி வளாகத்தில் வெடிப்பு, பஸ் டிரைவர் ஒருவர் பலி. மறுநாளே முதலமைச்சர் அறிக்கையில் விண்கல். உலகம் பூரா செய்தி. அப்புறம் நாசா விஞ்ஞானிகள், படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். ராஸ்வெல்லில் அவசர அறிக்கை விட்டதும் அரசாங்கம், இங்கே விட்டதும் அரசாங்கம். அங்கே பின்வாங்கினதால் "மறைத்தார்கள்" ஆனது. இங்கே பின்வாங்கவே இல்லை, அதனால் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வர்க்கி_டீ | ஜூலை 10, 8.00

நேற்று ராத்திரி கேத்தி பக்கம் வரிசையாக விளக்கு போனதே, அதற்கு என்ன அறிக்கை?

முத்தோரை | ஜூலை 10, 8.12

ஒரே கோட்டில், ஒரே வேகத்தில், சத்தமில்லாமல், அந்தி கழிந்து ஒன்றிரண்டு மணிக்குள் என்றால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை. எரிந்து விழுகிறதென்றால் நேரத்தை எண்ணுங்கள். விண்கல் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர், சில நொடியில் முடிந்துவிடும். செயற்கைக்கோள், ராக்கெட் மிச்சம் 8-க்குக் கீழே, படுத்தவாக்கில் வரும், ஒரு நிமிஷத்துக்கு மேலும் தெரியும், துண்டு துண்டாகி ஒன்றன் பின் ஒன்றாக ஒரே தடத்தில் போகும். ஆனால் நேற்று ராத்திரி கேத்தியில் மூடுபனி. விளக்கு எப்படித் தெரிந்தது?

வர்க்கி_டீ | ஜூலை 10, 8.20

லாரி போலிருக்கு.

மலைரயில் | ஜூலை 10, மாலை 5.40

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. "நீலகிரியில் இதுவரை விழுந்த வேற்றுக்கிரகப் பொருட்களை அரசு ஏன் மறைக்கிறது?" சரியா?

கூக்கல்தொறை | ஜூலை 10, 6.15

குப்பைக்கூடைக்குத்தான் போகும். அந்தச் சட்டத்தில் "ஏன்" என்ற கேள்விக்கு பதில் சொல்லக் கடமை இல்லை. இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ராணுவமே அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான், பாதுகாப்பு பாதிக்கும் என்றால் 8(1)(அ) பிரிவில் மறுக்கலாம், அவ்வளவே. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. மாதிரி இரண்டாம் அட்டவணையில் இருக்கிற அமைப்புகள்தான் விலக்கு.

இப்படி எழுதுங்கள்: "2015 ஜனவரி 1 முதல் இன்றுவரை, நீலகிரி மாவட்டத்தில் வானிலிருந்து விழுந்த பொருள் எதுவானாலும், அது குறித்து இந்த அலுவலகத்துக்கு வந்த தகவல் கடிதங்கள், அனுப்பிய பதில்கள், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் ஆகியவற்றின் நகல்." பொருட்களின் பட்டியல் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மலைரயில் | ஜூலை 10, 6.31

"வேற்றுக்கிரக" வேண்டாமா?

கூக்கல்தொறை | ஜூலை 10, 6.33

வேண்டாம். அந்த ஒரு வார்த்தை இருந்தால் "அப்படி எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

மலைரயில் | ஜூலை 10, 6.50

எடுத்துவிட்டேன். கட்டணம் போஸ்டல் ஆர்டரா?

கூக்கல்தொறை | ஜூலை 10, 6.58

அது மத்திய அரசு அலுவலகத்துக்கு. ஆட்சியர் அலுவலகம் மாநிலம். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப், மனுவின் முதல் பக்கத்தில் மேலே ஒட்டுங்கள். பசை நிறையப் போடாதீர்கள், இந்த மழைக்கு உரிந்துவிடும்.